சாகசக் கதையின் ஏழாம் கட்டு

நூல்நிலையத் திறப்பு விழா மலருக்கு "இனிய பாடசாலை நினைவு" ஒன்று எழுதித் தரும்படி நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கீழே செயலாளர் என்று கையொப்பம் வைத்திருப்பவரை எனக்கு நன்றாகத் தெரியும். அன்று அவர் மூன்றாம் கட்டு. பொருளாளர் ஐந்தாம் கட்டு. இருவருக்கும் அப்போது மூக்கு வடியும், துடைக்கச் சட்டைக் கை. இப்போது தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கதிரையில் சாய்ந்திருந்து தீர்மானம் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்கும் நரைத்துவிட்டது, எனக்கும் மூட்டு நோகிறது. அதனால் உங்களுக்குப் பயந்து எழுதவேண்டிய வயது எனக்கு இல்லை.

கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. புத்தகம் அன்பளிப்புச் செய்பவர்கள் கவனிக்கவேண்டிய விதிகளாம். நாலாவது விதி இது: "சிறுவர் பகுதிக்குச் சாகசக் கதைகள், புதையல் கதைகள், திகில் கதைகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா." அதற்குக் கீழே, காணி உபயம் என்று என் பெரியப்பாவின் பெயரும், அவருடைய படத்தோடு வாசலில் கல் பதிக்கப்படும் என்ற செய்தியும். வாசித்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து அடுப்பும் அணைந்துபோனது. அன்று முழுக்க வீட்டில் யாரோடும் நான் நல்ல வார்த்தை பேசவில்லை.

உங்களுக்கு மறந்துவிட்டதா, அல்லது மறந்தது மாதிரி இருக்கிறீர்களா? மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இனிய நினைவு என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்து, ஊர் வாசலில் நம்மை இறக்கிவிட்டார்கள். ஊர் எங்கே என்று சின்னப் பிள்ளைகள் கேட்டார்கள். முன்னால் தெரிந்தது உடைமரப் பற்றை மட்டும்தான். குடும்பத்துக்குக் கூரை போட ஒரு தறப்பாள், பன்னிரண்டு தகரம், ஒரு மண்வெட்டி. சோளகக் காற்று இரவும் பகலும் தறப்பாளைப் பிடித்து உலுப்பும். நிவாரணப் பருப்பின் மணமும், வெயிலில் காய்ந்த தறப்பாளின் மணமும் இப்போதும் எங்கேயாவது மூக்கில் பட்டால் நான் அந்த இடத்தில் நிற்கமாட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா முகாமுக்கு வரவே இல்லை. எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவும் இல்லை. பெரியப்பாவின் காணி மூலையில் அம்மாவும் நானும் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். அவர் இரு என்றால் இருக்கவேண்டும், எழும்பு என்றால் எழும்பவேண்டும்.

வந்த முதல் மாதம் நம்முடைய ஆண்கள் என்ன செய்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? கிண்டினார்கள். ஊரை விட்டு ஓடும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் தூக்க முடியாததையெல்லாம் மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தையல் மெசின் தலை, பித்தளைக் குடம், பூசைச் சாமான், காணி உறுதிப் பத்திரம், எல்லாம் உரப்பையில் சுற்றி, பிளாஸ்டிக் கானுக்குள் அடைத்து. கிணற்றுக் கட்டிலிருந்து இத்தனை கவடு, அங்கிருந்து புளியமரத்துப் பக்கம் இத்தனை கவடு என்று கணக்கு. திரும்பி வந்து பார்த்தால் புளியமரம் இல்லை, கிணற்றுக் கட்டும் இல்லை. வாய் முணுமுணுக்க, காலை அகட்டி அகட்டி வைத்து, ஒவ்வொரு வளவிலும் ஒவ்வொரு அப்பா நடந்துகொண்டிருந்தார். ஒருவர் மூன்று நாள் கிண்டி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் அம்மியை எடுத்தார். அதற்கு ஒரு சண்டை. ஊரே புதையல் தேடியது. கையில் வரைபடம் இல்லாததுதான் குறை.

இதை மறக்கவேண்டாம். புதையல் கதை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பிறகு சொன்னவர்கள் இதே ஆட்கள்.

பாடசாலை என்று ஒரு தகரக் கொட்டகை. பத்து மணிக்கு மேல் உள்ளே இருந்தால் அவிந்துபோவோம். அங்கேதான் அந்தப் பெட்டி வந்தது. எங்கிருந்தோ யாரோ சேர்த்து அனுப்பிய பழைய புத்தகங்கள். கரப்பான் எச்சமும் ஈரமும் சேர்ந்த மணம். பாடசாலை அதிபர் அதைத் திறந்து பார்க்கவும் இல்லை. "ஆரோ வீட்டில கழிச்ச குப்பை," என்று சொல்லி மூலையில் தள்ளிவிட்டார். திறந்தவள் அக்கா. பெரியப்பாவின் மகள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். முகாமில் மா வரும் பையில் அச்சடித்திருந்ததைக்கூட விடாமல் வாசித்தவள்.

பெட்டிக்குள் ஒரு தடித்த புத்தகம். அட்டை இல்லை, பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. எந்த நாட்டுக் கதையோ, தமிழில் இருந்தது, அது போதும். நாலு பக்கம் வாசித்த அக்கா அன்று மத்தியானக் கஞ்சிக்குக்கூட வரவில்லை. ஒரு புத்தகம், ஏழு பேர். சண்டை வராமல் இருக்க அவள்தான் வழி கண்டுபிடித்தாள். தையல் ஏற்கனவே விட்டுப்போயிருந்தது. புத்தகத்தை ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நிவாரண மூட்டை தைத்த நூலால் கட்டி, நம்பர் போட்டாள். ஆளுக்கொரு கட்டு. திங்கட்கிழமை திங்கட்கிழமை கை மாற்ற வேண்டும். ஒன்றாம் கட்டு அவளுக்கு. எனக்குச் சீட்டில் விழுந்தது ஏழாம் கட்டு. கதையின் ஆரம்பம் தெரியாமல் முடிவைப் படித்தவள் நான். உங்களில் ஒருவர் நடுவில் தொடங்கி, செத்துப்போன கிழவன் ஒன்றாம் கட்டில் உயிரோடு வந்துவிட்டான் என்று அலறினீர்கள், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. தன் கட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. சொன்னவருக்கு அடுத்த கட்டு இல்லை. அக்கா கண்டிப்பானவள். நான் ஒருநாள் வாயைத் திறக்கப் போனபோது பொத்திக்கொண்டு, "சொன்னியோ, உன்னோட கதைக்கமாட்டன்," என்றாள்.

கதை இதுதான். ஒரு படகோட்டியின் மகள். கடலுக்குள் ஒரு வெளிச்சவீடு. அதன் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. அப்பன் காய்ச்சலில் கிடக்கிறான், கடலில் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன. வற்றுநேரத்தில் கடல் உள்வாங்கும்போது, எண்ணெய்ப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் சேற்றுத் தரையில் நடந்து போகிறாள். பாதி வழியில் மூடுபனி இறங்குகிறது. இரண்டு பக்கமும் புதைமணல். ஒரு பாறையில் ஏறி நிற்கிறாள். ஓடவும் முடியாது, இருக்கவும் முடியாது. பனி விலகும்வரை அசையாமல் நிற்கவேண்டும். பயத்தில் கால் தானாக ஓடப்பார்க்கும்போதெல்லாம், தன் துறையில் உள்ள படகுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறாள். முழங்கால் வரை தண்ணீர் ஏறுவதோடு ஆறாம் கட்டு முடியும்.

ஒரு புதையல் இல்லை. சுட ஒரு துவக்கு இல்லை. வாசித்த உங்களுக்குத் தெரியும்.

ஆறாவது வாரம். அக்காவின் கையில் ஆறாம் கட்டு. அந்த வாரம்தான் அரச கந்தோரிலிருந்து ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள், உறுதி காட்டுகிறவர்களுக்கு வீட்டுத்திட்டத்தில் பெயர் பதிவார்கள் என்று கிராம அதிகாரியான விதானையார் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாவின் உறுதி மண்ணுக்குள். அவர் தாட்ட இடம் வளவின் பின்பக்கம். பின்பக்கத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். மிதிவெடி எடுப்பவர்கள் இரண்டு வளவு தள்ளி வேலை செய்துகொண்டிருந்தார்கள். நம் பக்கம் வர இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா அக்காவோடு கதைப்பது தெளிவாகக் கேட்டது.

"ஆட்டை அவிட்டு விடு பிள்ளை. அது உள்ளுக்க ஓடும். நீ பின்னால போ. வெட்டின வேப்பங்குத்தி நிக்குதோ எண்டு பார். நிண்டால் அதில இருந்து மேற்கால பன்னிரண்டு கவடு. ஒரு தடியைக் குத்திப்போட்டு வா."

"அப்பா, பலகை போட்டிருக்கு."

"பலகை எல்லா இடமும்தான் போட்டிருக்கு. மாடு போய் வருது, ஒண்டும் நடக்கேல்ல. நான் போனா ஆமிக்காரன் கண்டால் பிடிப்பான். உன்னை ஆரும் கேட்டால் ஆடு கலைச்சனான் எண்டு சொல்லு."

"எனக்குப் பயமாக் கிடக்கு."

"பெரியாக்கள் சொன்னால் கேக்கவேணும். வீடு வேணுமோ வேண்டாமோ உனக்கு?"

அவ்வளவுதான். அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. ஆசையாகத் தலையைத் தடவிக்கூட விட்டார். அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. தன் உயிருக்குப் பயந்த மனிசனுக்குப் பிள்ளையின் உயிரைக் கணக்குப் பண்ணத் தெரியவில்லை.

ஆடு நாடாவுக்குக் கீழே புகுந்து ஓடியது. அக்கா குனிந்து பின்னால் போனாள். நான் சவர்க்காரக் கையோடு நாடாவரை ஓடினேன். அவள் இருபது அடி போயிருப்பாள். சட்டென்று நின்றாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. திரும்பாமலே சொன்னாள்.

"கிட்ட வராத. என்ர காலுக்குப் பக்கத்தில வட்டமா ஒண்டு கிடக்கு. மழை மண்ணை அரிச்சிருக்கு. அங்கால இன்னொண்டும் தெரியுது."

நான் நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓடிப்போய் மிதிவெடி எடுக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா. நான் அசையமாட்டன். இஞ்ச பார், போக முதல் ஒண்டு சொல்லு. ஏழாம் கட்டு நீ வாசிச்சனீதானே? அவள் தப்பினவளோ?"

அந்த நேரத்தில் அவள் கேட்ட கேள்வி அது. சட்டம் போட்டவளே சட்டத்தை மீறிக் கேட்டாள்.

ஏழாம் கட்டில் என்ன இருந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் கழுத்துக்கு வருகிறது, படகுகளின் பெயர்கள் தீர்ந்து அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள், அத்தோடு சரி. கடைசித் தாள்கள் பின்னட்டையோடு கிழிந்து போய்விட்டன. தப்பினாளா, செத்தாளா, யாருக்கும் தெரியாது.

"ஓம். தப்பினவள்," என்றேன். "பனி விலகிச்சுது. அப்பன் படகோட வந்தவர்."

பொய் சொல்லிவிட்டு ஓடினேன்.

வந்தவள் ஒரு பெண், நம் பக்கத்து ஊர்க்காரி. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பும், மார்புக்குக் கனத்த கவசமும். நாடாவிலிருந்து அக்கா நின்ற இடத்துக்கு இருபது அடி. அந்த இருபது அடியை அவள் வயிற்றால் கிடந்து, கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திக் கடக்க மூன்று மணித்தியாலம் எடுத்தது. உச்சி வெயில். அக்கா நின்றாள். உடுப்பு நனைந்தது, நின்றாள். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறாள் என்று காற்று திரும்பியபோது கேட்டேன்.

"முருங்கன், உயிலங்குளம், மாந்தைச் சந்தி, தள்ளாடி, மன்னார். மன்னார், தள்ளாடி, மாந்தைச் சந்தி..."

படகின் பெயர் அவளுக்குத் தெரியாது. நெல்லுக்காரர் பிள்ளை. பஸ் நிற்கும் இடங்களின் பெயர் தெரியும்.

மிதிவெடி கண்டால் நில், அசையாதே, ஆளைக் கூப்பிடு என்று பாடசாலையில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள்தான். இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும், அது முதல் அரை நிமிடத்துக்கு உதவும். இரண்டாவது மணித்தியாலத்தை எப்படித் தாண்டுவது என்று எந்தச் சுவரொட்டியிலும் இருக்கவில்லை. அது அந்த அட்டை கிழிந்த புத்தகத்தில் இருந்தது. சாகசக் கதை பிள்ளையைக் கண்டபடி ஓடச் சொல்லும் என்று விதி எழுதுகிறவர்களே, அந்தக் கதைகளில் பாதிப் பக்கம் காத்திருப்பதுதான். இருட்டில், குளிரில், தனியாக, பயத்தை வாய்க்குள் அரைத்துக்கொண்டு காத்திருப்பது. வாசித்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியிருக்கிறதே.

வெளியே வந்தபோது அவளால் முழங்காலை மடக்க முடியவில்லை. அந்தப் பெண் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். "வளர்ந்த ஆம்பிளையளே இப்பிடி நிண்டதை நான் காணேல்ல," என்றாள். அக்காவின் வாழ்க்கையில் அந்த நாளைப்பற்றி யாராவது சொன்ன நல்ல வார்த்தை அந்த ஒன்றுதான்.

பின்னேரம் தகரக் கொட்டகையில் விசாரணை. விதானையார், அதிபர், ஆமி முகாமிலிருந்து ஒரு அதிகாரி, மிதிவெடி எடுப்பவர்களின் பெரியவர். நாடாவைத் தாண்டி யார் போகச் சொன்னது என்று கேட்டார்கள். தாண்டச் சொன்னவர் யாராவது இருந்தால் அவர் பெயர் வீட்டுத்திட்டத்தில் இருக்காது என்று விதானையார் எச்சரித்தார். பெரியப்பா எழும்பினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சேர், இவள் புத்தகப் பைத்தியம். புதையல் கதை படிச்சுப் படிச்சுப் புதையல் தேடப் போட்டாள். நான் எத்தினை தரம் சொன்னனான்."

அக்கா அவரைப் பார்த்தாள். அழவில்லை. அவள் வாய் திறந்தால் வீடு போகும், அப்பனை ஆமி கொண்டுபோகவும் கூடும். அது அவளுக்குத் தெரியும்.

பிறகு அதிபர் என்னைப் பார்த்தார். "நீதானே பிள்ளை முதல் கண்டது? ஆரும் அவளை அனுப்பினதோ?"

அம்மா பக்கத்தில் இருந்தாள். அவளுடைய நகம் என் கைச்சதையில் இறங்கியது. பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. எங்கள் கொட்டில் அவர் காணியில் இருந்தது.

"எனக்குத் தெரியாது சேர்," என்றேன்.

அன்றே அதிபர் பெட்டியை வெளியே இழுத்தார். "சண்டையைப் பார்த்த பிள்ளையளுக்குச் சாகசம் என்னத்துக்கு? நல்ல பழக்கம் சொல்லுற புத்தகம் கொண்டுவருவம்," என்றார். அட்டை கிழிந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைக்கூட அவர் புரட்டவில்லை. கட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் கட்டே, நீங்கள் உங்கள் கையில் இருந்ததை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டியது எனக்கு ஞாபகம். ஐந்தாம் கட்டு, நீங்கள் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தீர்கள். நானும் கொடுத்தேன். அக்கா மட்டும் கொடுக்கவில்லை. அவளுடைய பையிலிருந்து பெரியப்பா எடுத்துக் கொடுத்தார். கொட்டகைக்குப் பின்னால் சருகோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். ஈரத் தாள், உடனே பிடிக்கவில்லை, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. விளக்கெரிக்க மண்ணெண்ணெய் இல்லாத ஊரில்.

அடுத்த மாதம் நல்ல பழக்கப் புத்தகங்கள் வந்தன. பளபளப்பான அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு முயல்குட்டி, அல்லது ஒரு அணில்குஞ்சு. தாய் தகப்பன் சொன்னதைக் கேட்டு நடந்து நன்றாக இருக்கும், கேட்காததை நரி கொண்டுபோகும். அக்கா அந்த நாடாவைத் தாண்டியது தகப்பன் சொன்னதைக் கேட்டதால். இதை எந்த முயல்குட்டிக்குப் போய்ச் சொல்வது?

அக்கா மறுபடி பாடசாலைக்கு வரவில்லை. "படிச்சுக் கிழிச்சது இனிப் போதும்," என்று பெரியப்பா வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்க அனுப்பினார். பதினெட்டு வயது முடிந்ததும் முடியாததுமாக, மன்னார்த் தீவில் தோட்டவெளிப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். நம் பாடசாலையில் கெட்டிக்காரி அவள்தான். உங்களில் யாரும் அவளுக்குக் கிட்ட வரமாட்டீர்கள், செயலாளர் உட்பட. திங்கட்கிழமைக்குள் உறுதி வரவில்லையென்றாலும் பெரியப்பா யாரையோ பிடித்துத் தவணை வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து மிதிவெடி எடுப்பவர்களே அந்தக் கானை எடுத்துக் கொடுத்தார்கள். உறுதி ஒரு மூலைகூட நனையாமல் இருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும். அதே உறுதிக் காணியில் ஒரு துண்டைத்தான் இப்போது நூல்நிலையத்துக்கு உபயம் கொடுக்கிறாராம். கேட்கச் சிரிப்பு வரவேண்டும். எனக்கு வரவில்லை.

போன மாதம் உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டவெளிக்குப் போனேன். பாலம் தாண்டும்போது கடல் இரண்டு பக்கமும் வற்றிக் கிடந்தது. அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்துவிட்டாள். கடிதத்தை வாசித்தாள், விதிகளை வாசித்தாள், கல்வெட்டுச் செய்தியையும் வாசித்தாள். மடித்து என் கையில் தந்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"அக்கா, நான் உன்னட்ட ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு அவள் தப்பினவள் எண்டு சொன்னது பொய். கடைசித் தாள் இருக்கேல்ல."

"தெரியும்," என்றாள். "ஏழு கட்டையும் நூல் போட்டுக் கட்டினது ஆர்? நான்தானே. கடைசித் தாள் இல்லையெண்டு முதல் நாளே கண்டனான்."

"பிறகேன் என்னட்டக் கேட்டனீ?"

"ஆரெண்டாலும் தப்பினவள் எண்டு ஒருக்காச் சொல்லவேணும் போல இருந்தது. நீ சொன்னாய். நான் நிண்டன்."

சுளகை எடுத்து மிளகாயைக் கிளறிவிட்டாள். நெடி எங்கள் இருவருக்கும் ஏறியது. கொஞ்சநேரம் தும்மினோம். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எனக்கெண்டு அவ்வளவு கெதியாப் பொய் சொல்ல வந்தது உனக்கு. பின்னேரம் உண்மை சொல்ல வரேல்ல."

நான் கையிலிருந்த கடிதத்தை மறுபடி விரித்தேன்.

"இப்ப எழுதட்டோ?" என்று கேட்டேன்.

"எழுது. எனக்காக வேண்டாம், நான் அதைக் கடந்திட்டன். என்ர பேத்தி நம்மட ஊரிலதான் இருக்கிறாள், அவள்தான் இனி அந்த நூல்நிலையத்துக்குப் போகப்போறவள். அவளுக்கு முயல்குட்டிக் கதை மட்டும் காணாது."

ஆகவே எழுதிவிட்டேன். நாலாவது விதியை அடித்துவிடுங்கள். கல்லை வைப்பதும் வைக்காமல் விடுவதும் உங்கள் பாடு. வைத்தால், அந்தக் காணியில் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை மூன்று மணித்தியாலம் அசையாமல் நின்றாள் என்றும் அதிலே வெட்டுங்கள். மலரில் இடம் போதாது என்றால் பெரியப்பாவின் படத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். இதை வெட்டிச் சுருக்கினால் திறப்பு விழாவுக்கு நானே வந்து ஒலிவாங்கியைப் பிடித்து வாசிப்பேன். அம்மாவும் இப்போது இல்லை, என் கையைக் கிள்ள ஆள் இல்லை.

அன்று தகரக் கொட்டகையில் கேட்ட கேள்விக்கு, எல்லோருக்கும் முன்னால், என் பதில் இது.

ஓம் சேர். பெரியப்பாதான் அனுப்பினவர். நான் வேலிக்கு இஞ்சால நிண்டனான். எல்லாம் கேட்டனான்.